ஜன்னல் பக்கத்துக் கை

கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு கணக்குத் தொடங்கினால், வங்கியின் பின்கட்டில் இருவரும் கலந்த ஓர் ஆள் வந்து உட்கார்ந்துவிடும். அந்த ஊரில் அதற்கு ஜாயிண்ட் என்று பெயர்.

ஜாயிண்ட் சாப்பிடாது. தூங்காது. கணக்கில் போட்ட பணம் அதன் உடம்பில் சதையாக ஏறும். பணம் எடுத்தால் உடம்பு குறையும். குழாயடியில் பெண்கள் இதைப் பற்றித்தான் பேசுவார்கள்.

"எங்க ஜாயிண்ட் ரொம்ப இளைச்சுப்போச்சுடி. பார்க்கவே பாவமா இருக்கு."

"எங்களுது பரவாயில்ல. சீட்டு எடுத்த மாசம் கன்னம்லாம் உப்பிருச்சு."

குமுதவல்லிக்கும் தணிகாசலத்துக்கும் பிள்ளை இல்லை. "அதான் பேங்க்ல ஒண்ணு உக்காந்திருக்கே" என்று உறவுக்காரர்கள் ஆறுதல் சொன்னார்கள். கல்யாணமான மாதமே இருவரும் வங்கிக்குப் போய் ஒருவர் பெயருக்குக் கீழே ஒருவர் கையெழுத்துப் போட்டார்கள். வெளியே வந்து இளநீர் குடித்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் பின்கட்டில் அது உட்கார்ந்திருந்தது. வலது பாதி தணிகாசலம், அரை மீசையோடு. இடது பாதி குமுதா, மூக்குத்தியோடு. நாத்தனார் ஒருத்தி, சாமி மாதிரியே இருக்கிறது என்று சொல்லிக் கற்பூரம் ஏற்றினாள். வங்கியில் புகை கூடாது என்று அணைத்துவிட்டார்கள்.

ஆண்டுக்கு ஒரு முறை தீபாவளிக்கு வேட்டி பாதி, புடவை பாதி என்று எடுத்துக்கொண்டுபோய் உடுத்திவிட்டு வருவார்கள். மற்றபடி அதை நினைக்க நேரமில்லை. தணிகாசலத்துக்கு எடை மேடையில் வேலை. லாரிகள் வரும், ஏறி நிற்கும், போகும். குமுதா வீட்டிலிருந்தபடி புடவைகளுக்கு ஃபால்ஸ் அடித்துத் தருவாள். மெஷினில் அடித்தால் கரை சுருங்கும் என்று ஊரில் பாதிப்பேர் அவளிடம்தான் வருவார்கள். அவள் கையால்தான் தைப்பாள். வலது கை ஊசியைத் தள்ளும். இடது கையின் கட்டைவிரல் ஊசிக்கு முன்னால் துணியை நீவிக்கொண்டே போகும். அந்த விரல் போன வழியில் சுருக்கம் இருக்காது.

முதலில் போனது கறிவேப்பிலை.

தணிகாசலம் தன் தம்பிக்கு பைக் வாங்கப் பணம் எடுத்தான். மறுநாள் காலை குமுதா தாளித்தாள். கடுகு வெடித்தது. கறிவேப்பிலை பொரிந்தது. வாசனை வரவில்லை. இலை பழசு என்று நினைத்து வேறு கொத்து வாங்கினாள். பிறகு எந்தக் கொத்திலும் வரவில்லை.

அடுத்து, அவன் மாமா வீட்டுக்கு ஓடு மாற்றப் பணம் எடுத்தான். தைக்கும்போது குமுதா ஒரு மெட்டை முனகுவது வழக்கம். அன்றிலிருந்து வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

மூன்றாவது, அவன் சிநேகிதன் முத்துரத்தினத்தின் வாத்துப் பண்ணைக்கு முன்பணம். அன்று மாலை குமுதாவின் இடது கைச் சுண்டுவிரல் மரத்துப்போனது. ஊசியால் குத்திப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரியின் விரலைக் குத்தியது போலிருந்தது.

அப்போதுதான் அவள் வங்கிக்குப் போய் ஜாயிண்டைச் சரியாகப் பார்த்தாள். அதன் நாற்காலி பணம் தரும் ஜன்னலை ஒட்டிப் போடப்பட்டிருந்தது. இடது பக்கம் ஜன்னல் பக்கமாக இருந்தது. யாராவது பணம் கேட்டால் காசாளர் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, கைக்கு அகப்பட்டதை எடுத்தார்.

"நாற்காலியைத் திருப்பிப் போட முடியாதா சார்?"

"ஸ்க்ரூ போட்டிருக்கும்மா."

"ஸ்க்ரூவக் கழட்டினா?"

"தரையும் கூட வந்துரும்."

ஜாயிண்டின் வலது பாதி கொழுகொழுவென்று இருந்தது. இடது பாதி துணி காயப்போட்ட கொடி மாதிரி இருந்தது. தோளிலிருந்து தொங்கிய இடது கை மட்டும் இன்னும் முழுசாக இருந்தது. சுண்டுவிரல் மட்டும் வெளுத்திருந்தது.

ஒரு புதன்கிழமை தணிகாசலம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

"வெள்ளிக்கிழம மீதியையும் எடுத்துரலாம்னு இருக்கேன் குமுதா."

"மீதின்னா?"

"இருக்கறது எல்லாம்தான். முத்துரத்தினம் சொல்றான், வாத்துல நஷ்டமே வராதாம். தண்ணியிலயும் நடக்கும், தரையிலயும் நடக்கும்."

"தண்ணியில நடக்காதுங்க. நீந்தும்."

"அதத்தான் நானும் சொல்றேன். ரெண்டு வழியிலயும் வருமானம்."

குமுதா ரசத்தை ஊற்றினாள். தட்டுக்கு வெளியேயும் கொஞ்சம் ஊற்றினாள்.

"கொஞ்சம் விட்டு வைங்களேன்."

"எதுக்கு?"

"என் கைக்கு."

அவன் அவள் கையைப் பார்த்தான். எடை மேடையில் லாரியைப் பார்ப்பது போல் பார்த்தான்.

"கைக்கு என்ன? நல்லாத்தானே இருக்கு."

"சுண்டுவிரல் மரத்துப்போச்சு. இனிமே எடுத்தா கையே போயிரும்."

"எனக்குக்கூடத்தான் முதுகு பிடிச்சுக்கிது. நான் எங்கயாவது போய்ச் சொன்னேனா? நம்ம உடம்பு, நம்ம காசு. உன்னுது என்னுதுன்னு இத்தன வருஷத்துல ஒரு நாளாவது நான் பிரிச்சுப் பேசியிருக்கேனா, சொல்லு?"

பேசியதில்லை. அது உண்மை. குடிக்க மாட்டான். கை நீட்ட மாட்டான். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பான். அவன் நல்லவன். அவள் சிந்திய ரசத்தைத் துடைத்தாள்.

குழாயடியில் எஸ்தர் அக்காவிடம் சொன்னாள். எஸ்தர் அக்கா குடத்தை நிமிர்த்தி வைத்துவிட்டு நாலாபக்கமும் பார்த்தாள்.

"தனிக் கணக்குன்னு ஒண்ணு இருக்கு, குமுதா. உன் பேருல மட்டும். ஜாயிண்ட்லேர்ந்து உன்னோடத எடுத்து அதுல போட்டுட்டா ஒருத்தரும் தொட முடியாது. அதுல போட்டவங்க யாரும் இதுவரைக்கும் நஷ்டப்பட்டதில்லையாம்."

"யாரெல்லாம் போட்டிருக்காங்க?"

எஸ்தர் அக்கா யோசித்தாள். "தெரியல. அதுக்கப்புறம் யாரையும் பார்த்ததில்ல."

வியாழக்கிழமை, தைக்கக் கொடுத்திருந்த புடவை ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு குமுதா கிளம்பினாள். யாராவது கேட்டால் புடவையைக் கொடுக்கப் போவதாகச் சொல்லலாம். ஊசி வழக்கம்போல் முந்தானை ஓரத்தில் குத்தியிருந்தது.

வங்கி வாசலில் காவலாளி முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா?"

"தனிக் கணக்கு தொடங்கணும்."

"யார் கூட?"

"யார் கூடவும் இல்ல. நான் மட்டும்."

அவர் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உள்ள போய் அதச் சத்தமாச் சொல்லாதீங்க. மத்தவங்க பயந்துருவாங்க."

உள்ளே பெண் அதிகாரி ஒருத்தி எலுமிச்சைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிடுவதை நிறுத்தாமல் உட்காரச் சொன்னாள்.

"பேரு?"

"குமுதவல்லி."

"இனிஷியல்?"

"த."

"அது ஜாயிண்ட்ல மாட்டியிருக்கு. எடுக்க முடியாது."

"அப்போ மா. எங்கப்பா பேரு மாசிலாமணி."

அதிகாரி மேஜையின் இழுப்பறையைத் திறந்து துழாவினாள். உள்ளே ஏதோ சின்னச் சின்னதாக உருளும் சத்தம் கேட்டது. "இல்லையே. கல்யாணத்தன்னிக்கே அதத் திருப்பிக் குடுத்துட்டீங்க. வேற ஆளுக்குப் போயிருச்சு."

"எனக்குன்னு எதுவும் இல்லீங்களா?"

"புள்ளி இருக்கு" என்றாள் அதிகாரி. "எழுத்து இல்லாம, பேருக்கு முன்னாடி புள்ளி மட்டும் வெச்சுக்கலாம். நெறைய பேரு அப்படித்தான் வெச்சிருக்காங்க. பார்க்க நல்லாத்தான் இருக்கும்."

குமுதா புள்ளிக்கு ஒப்புக்கொண்டாள்.

"கணக்குல என்ன போடப் போறீங்க?"

"ஜாயிண்ட்ல இருக்கற என் கை."

"இடதா?"

"ஆமாங்க."

"நீங்களே போய்த்தான் எடுத்துட்டு வரணும். அது உங்களுதுன்னு ஜாயிண்ட் ஒத்துக்கணும். அப்புறம் கீழ வெக்காமக் கொண்டுபோகணும். ஜாயிண்ட்டையும் தாண்டிப் போனா, தாழ்வாரத்துக் கோடியில தனிக் கணக்கு அறை."

"ஜாயிண்ட் ஒத்துக்கலன்னா?"

அதிகாரி ஒரு நிலக்கடலையைப் பொறுக்கி மென்றாள். "நாளைக்கு வெள்ளிக்கிழம" என்றாள்.

வெள்ளிக்கிழமையைப் பற்றி குமுதா அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

பின்கட்டுக்குப் போகும் தாழ்வாரம் மதிய வேளையில் நீண்டுவிடும். ஊழியர்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் வாடிக்கையாளர்கள் வந்து சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. குமுதா நடந்தாள். மின்விசிறிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. கடைசி மின்விசிறிக்குக் கீழே ஜாயிண்ட் உட்கார்ந்திருந்தது.

"வா" என்றது. குரலில் பாதி அவனுடையது. மீதிப் பாதியை அவளால் அடையாளம் காண முடியவில்லை. அது தன்னுடைய குரல் என்று பிறகுதான் தெரிந்தது.

"என் கைய எடுத்துக்க வந்திருக்கேன்."

"எங்களுக்குத் தெரியாது எது யாரோடதுன்னு" என்றது ஜாயிண்ட். "நீ சொல்லு. பாகற்காய் பிடிக்காது. அது யாரு?"

"நான்தான்."

"இல்ல. அவன். நீ வறுத்துத் தனியா எடுத்து வெச்சுச் சாப்பிடுவ. கல்யாணத்துக்கு முன்னாடி."

அவளுக்குப் பின்னால் தரை கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தாள். தாழ்வாரத்தில் ஒரு மின்விசிறி கூடியிருந்தது.

"ஃபேன மெதுவா வெக்கச் சொல்றது?"

"அவருக்குத்தான் குளிரு தாங்காது."

"நீ. அவனுக்கு வேர்க்கும். உனக்காகப் பேசாம இருக்கான்."

இன்னொரு மின்விசிறி கூடியது. வங்கியின் முன்பக்கம் ஒரு தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்துவிட்டது. தீப்பெட்டிக்குள் அதிகாரி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"இடி இடிச்சா காதப் பொத்திக்கறது?"

இது அவளுக்கு உறுதியாகத் தெரியும். ஒவ்வொரு மழைக்கும் அவள் அடுப்படிக்குப் போய்க் காதைப் பொத்திக்கொண்டு நிற்பாள். தணிகாசலம் வந்து பக்கத்தில் நிற்பான். "நான்" என்றாள்.

"அவன்" என்றது ஜாயிண்ட். "ஆம்பள பயப்படறத யாரும் பார்க்கக் கூடாதுன்னு நீ அத வாங்கிக்கிட்ட. வாங்கினத மறந்துட்ட."

தீப்பெட்டியும் கண்ணுக்குத் தெரியாமல் போனது.

இனி ஒன்று தப்பாகச் சொன்னால் திரும்பிப் போக வழியே இருக்காது என்று குமுதாவுக்குத் தோன்றியது. அவளுக்கு எது பிடிக்கும், எதற்குப் பயம், எது வலிக்கும் என்று எதுவும் அவளுக்கு நிச்சயமில்லை. எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுக் கிளறியாகிவிட்டது. இனி அரிசி எது, பருப்பு எது என்று யார் பிரிப்பது?

"கை யாரோடது?" என்றது ஜாயிண்ட்.

அவள் பையிலிருந்து புடவையை எடுத்தாள். ஜாயிண்டின் முழங்காலில் கரையை விரித்து ஃபால்ஸ் துணியை அதன் மேல் வைத்தாள். முந்தானையிலிருந்து ஊசியை உருவி நூல் கோத்தாள். தன் இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். வலது கையால் மட்டும் தைக்கத் தொடங்கினாள்.

ஒரு தையல். இரண்டு தையல். துணி சுருங்கியது. ஊசி தடுமாறியது.

ஜாயிண்டின் இடது கை மெதுவாக எழும்பியது. காற்றில் கொஞ்சம் தயங்கியது. பிறகு கட்டைவிரல் இறங்கி வந்து ஊசிக்கு முன்னால் துணியை நீவியது.

அவள் தைத்தாள். விரல் நீவியது. ஒரு முழம் வரை தையல் நேராக ஓடியது. ஜாயிண்டின் வலது பாதி முகம் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. இடது பாதிக் கண்ணில் நீர் கட்டியது.

"எடுத்துக்க" என்றது. இந்த முறை குரல் முழுவதும் அவளுடையதாகவே இருந்தது.

கை தோளிலிருந்து கழன்று வந்தது. ரவிக்கைக் கொக்கியைக் கழற்றுவது போலத்தான் இருந்தது. ரத்தம் இல்லை. தூங்கும் குழந்தையின் கனம் இருந்தது. குமுதா அதைப் புடவையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

அப்போது ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தணிகாசலத்தின் குரல் கேட்டது.

"சார், ஜாயிண்ட்ல இருக்கறது எல்லாத்தையும் எடுத்துக்கறோம்."

"நாளைக்குத்தானே வர்றதாச் சொன்னீங்க?" என்றார் காசாளர்.

"நாளைக்கு அஷ்டமியாம்" என்றது முத்துரத்தினத்தின் குரல். "வாத்துக்கு ஆகாது." அவன் அக்குளில் இருந்த வாத்து அதை ஆமோதிப்பது போல் ஒரு சத்தம் போட்டது.

ஜன்னல் வழியாகக் காசாளரின் கை உள்ளே வந்தது. மணிக்கட்டில் கடிகாரம். விரல் நுனியில் நோட்டு எண்ணும் ரப்பர் உறை. கை வழக்கமான இடத்தில் துழாவியது. ஒன்றும் அகப்படவில்லை. நாற்காலியின் கைப்பிடியைத் தட்டிப் பார்த்தது. ஜாயிண்டின் காலி ரவிக்கைக் கையை நிமிண்டிப் பார்த்துவிட்டு விட்டது. பிறகு ரப்பர் விரலை மேலே தூக்கி, மோப்பம் பிடிப்பது போல் அசையாமல் நின்றது.

குமுதா நடக்கத் தொடங்கினாள். ஓடினால் சத்தம் கேட்கும். செருப்பைக் கழற்றி நாற்காலியின் அடியில் விட்டாள். பையும் அங்கேயே கிடந்தது.

தாழ்வாரம் நீண்டுகொண்டே போனது. அவளுக்குப் பின்னால் சுவரில் ஏதோ உரசியது. காசாளரின் கைதான். ஜன்னலிலிருந்து நீண்டு, சுவரைத் தடவிக்கொண்டு வந்தது. அவசரப்படவில்லை. ஒவ்வொரு கதவையும் தட்டிவிட்டு வந்தது. முழங்கைக்கு மேல் சட்டை மடித்திருந்தது. அதற்கும் மேல் சட்டை தீரவே இல்லை.

"கொஞ்சம் இருங்க சார், தேடிட்டிருக்கேன்" என்று தூரத்தில் காசாளர் சொல்வது கேட்டது.

"மெதுவா பாருங்க சார், அவசரமில்ல" என்றான் தணிகாசலம். அவன் எப்போதும் இப்படித்தான், யாரையும் அவசரப்படுத்த மாட்டான்.

புடவைக்குள் இருந்த கை அவள் விலாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அதற்கும் பயம்.

ரப்பர் விரல் அவள் பின்னங்கழுத்தைத் தொட்டது. தொட்டுவிட்டு நோட்டை நகர்த்துவது போல் ஒரு முறை தள்ளியது. ஒரே ஒரு முடி போனது. அந்த முடியோடு அவளுடைய அக்காவின் முகமும் போய்விட்டது. அக்கா இருந்தாள் என்பது மட்டும் மிச்சமிருந்தது.

முன்னால் ஒரு கதவு. அதில் ஒரு பெயர் எழுதி இன்னும் பெயிண்ட் காயவில்லை. பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி. குமுதா உள்ளே புகுந்து கதவைச் சாத்தினாள். வெளியே ரப்பர் விரல் கதவில் மேலும் கீழும் தடவிப் பார்த்தது. ஈரப் புள்ளி அதில் ஒட்டிக்கொண்டது போல. சட்டென்று பின்வாங்கியது.

அறையில் ஒரு நாற்காலி, மேலே ஒரு மின்விசிறி, எதிர்ச்சுவரில் ஒரு சின்ன வெளிச்சத் திறப்பு. வேறெதுவும் இல்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். மடியில் புடவையைப் பிரித்தாள். கை தானாக நகர்ந்துபோய் அவளுடைய இடது கையின் மேல் படுத்தது. கையுறை போல் ஏறியது. சுண்டுவிரலில் சுருக்கென்று வலித்தது. அவள் அழுதுவிட்டாள். வலி திரும்பி வந்ததற்காக யாரும் இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள்.

கதவு திறந்து காவலாளி எட்டிப் பார்த்தார். கையில் டீ வைத்திருந்தார்.

"கணக்கு ஓப்பன் ஆயிருச்சும்மா. வாழ்த்துகள்."

"ரொம்ப நன்றிங்க. நான் கிளம்பறேன். அவருக்குச் சமைக்கணும்."

"கிளம்ப முடியாதுங்களே. மினிமம் பேலன்ஸ் இருக்கணும்ல?"

"எவ்வளவு?"

"ஒரு ஆள்" என்றார் காவலாளி. "எப்பவும் ஒரு ஆள் உள்ள இருக்கணும். அதுதான் மினிமம்."

"நான் எழுந்து போனா?"

"போகலாம். யாரும் தடுக்க மாட்டோம். கணக்கு மூடிரும். போட்டது ஜாயிண்ட்டுக்கே திரும்பப் போயிரும்."

அவர் டீயைத் தரையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். வெளியே தாழிடவில்லை. தாழே இல்லை.

குமுதா மெதுவாக எழுந்து பார்த்தாள். நாற்காலியை விட்டு இடுப்பு உயர்ந்ததும் இடது கை தளர்ந்தது. விரல் நுனிகளிலிருந்து உருவிக்கொண்டு வந்தது. சுண்டுவிரல் மறுபடி மரத்தது. உட்கார்ந்தாள். கை ஏறிக்கொண்டது. இன்னொரு முறை எழுந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

வெளிச்சத் திறப்பின் வழியாக வங்கியின் கூடம் தெரிந்தது. இவ்வளவு தூரம் நடந்தும் கூடம் பக்கத்திலேயே இருந்தது. தணிகாசலமும் முத்துரத்தினமும் ஜன்னலுக்கு முன் நின்றார்கள்.

"கைக்கு எட்டின பக்கம் இருப்பு இல்லீங்க" என்றார் காசாளர். அவர் கை பழைய நீளத்துக்கு வந்திருந்தது. தோள்பட்டையைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

"இல்லையா? எப்படி இல்லாமப் போகும்? அவளக் கேட்டாத்தான் தெரியும்" என்றான் தணிகாசலம்.

அப்போது பின்கட்டிலிருந்து ஜாயிண்ட் நடந்து வந்தது. நாற்காலிக்குத்தான் ஸ்க்ரூ. அதற்கு இல்லை. குமுதாவின் செருப்பைப் போட்டிருந்தது. குமுதாவின் பையைத் தோளில் மாட்டியிருந்தது. இடது ரவிக்கைக் கை காலியாக ஆடியது. அரை மீசை அப்படியே இருந்தது.

தணிகாசலம் திரும்பினான்.

"நீ எப்ப வந்த?"

"இப்பத்தான்" என்றது ஜாயிண்ட்.

"கணக்குல ஒண்ணும் இல்லங்கறாங்க."

"சேர்த்துக்கலாம்" என்றது ஜாயிண்ட்.

"அதான. நாம ரெண்டு பேரு இருக்கோம்ல." அவன் முகம் தெளிந்தது.

"அண்ணி, இதக் கொஞ்சம் பிடிங்க" என்று முத்துரத்தினம் வாத்தை நீட்டினான். ஜாயிண்ட் ஒற்றைக் கையால் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டது. வாத்து கழுத்தை நீட்டி, வெளிச்சத் திறப்பை நேராகப் பார்த்தது. அந்தக் கூடத்தில் அது ஒன்றுதான் பார்த்தது.

குமுதா கூப்பிட நினைத்தாள். ஏங்க, என்று சொன்னால் போதும். அந்தக் குரலுக்கு அவன் எங்கிருந்தாலும் திரும்புவான். வாயைத் திறந்தாள். பாதிக் குரல்தான் இருந்தது. மீதிப் பாதி அங்கே வாத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது.

தணிகாசலம் ஜாயிண்டை ஏற இறங்கப் பார்த்தான்.

"இன்னிக்கு என்னமோ நல்லா இருக்க குமுதா" என்றான். இப்படி அவன் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

"என்ன சமைக்கட்டும்?" என்றது ஜாயிண்ட்.

"பாகற்காய் மட்டும் வேணாம்."

மூவரும் வாசலைத் தாண்டி வெயிலில் இறங்கினார்கள். குமுதா தன் செருப்பின் சத்தத்தைக் கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு டீயைக் குடித்தாள். ஆறியிருந்தது.

கதவுக்கு அடியில் ஏதோ சரசரத்தது. ஒரு புடவையின் முனை உள்ளே வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக முழுப் புடவையும் வந்து சேர்ந்தது. காவலாளியின் குரல் வெளியே கேட்டது.

"பக்கத்து ரூம் அம்மா குடுத்தாங்க. ஃபால்ஸ் அடிச்சுத் தருவீங்களான்னு கேக்கறாங்க. அதுக்கு அடுத்த ரூம்லயும் ரெண்டு இருக்காம்."

"எத்தன ரூம் இருக்கு?"

காவலாளி போய்விட்டிருந்தார்.

நாட்கள் போயின என்றுதான் சொல்ல வேண்டும். மின்விசிறி சுற்றியது. அவளுக்குக் குளிர்ந்தது. ஃபேனை மெதுவாக வைக்கச் சொல்லிக் கேட்டாள். வைத்தார்கள். புடவைகள் கதவுக்கு அடியில் வந்தன, போயின. சில புடவைகளின் மடிப்பில் வறுத்த பாகற்காய் ஒரு பொட்டலம் இருக்கும். யார் வைத்தது என்று தெரியாது. அவள் அதைத் தின்றாள். பிடித்திருந்தது.

ஒரு நாள் காவலாளி எட்டிப் பார்த்து, "இன்னிக்கு வட்டி ஏறுதும்மா, கைய நீட்டி வெச்சுக்குங்க" என்றார்.

அவள் இடது கையை மடியில் நீட்டினாள். கட்டைவிரலை ஒட்டி ஓர் அரிப்பு. தோல் சிவந்து மேடானது. அரிசி முனை போல் ஒன்று வெளியே வந்தது. அதற்கு ஒரு நகம் இருந்தது. மாலைக்குள் அது ஒரு விரலாகியிருந்தது. சின்னது. மிருதுவானது. யாருடைய விரல் போலவும் இல்லை.

அதை மடக்கச் சொல்லி மனதுக்குள் நினைத்தாள். அது மடங்கவில்லை. நிமிர்ந்து நின்று அறையைச் சுற்றிப் பார்த்தது.

அவள் அவசரமாக ஒரு புடவையை மடியில் விரித்தாள். வேலையிருந்தால் பயம் தெரியாது. ஊசியில் நூல் கோத்தாள். கட்டைவிரலை வழக்கமான இடத்தில் வைத்தாள். அதற்கு முன்பே புது விரல் அங்கே போய் இறங்கியிருந்தது. துணியை நீவியது. கட்டைவிரலைவிட நன்றாகவே நீவியது. ஒரு சுருக்கம் இல்லை.

குமுதா ஊசியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

விரல் நிற்கவில்லை. கரையோடு கரையாக நீவிக்கொண்டே முன்னால் போனது. கையை இழுத்துக்கொண்டு போனது. மடியைத் தாண்டி, நாற்காலியின் ஓரத்தைத் தாண்டி, புடவை வந்த வழியாகவே கதவின் அடியை நோக்கிப் போனது. அவள் தைத்துக்கொண்டே அதன் பின்னாலேயே குனிந்தாள், நாற்காலியை விட்டு இடுப்பு எழும்பாமல், எவ்வளவு குனிய முடியுமோ அவ்வளவு.